பிள்ளையை யார் பார்ப்பது?

(பள்ளிபாளையம் வட்டாரத்தில் நூல் மில், விசைத்தறித் தொழிலாளர் குடும்பங்களும் சுற்று வட்டார விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டமொன்றில் நிகழ்த்திய பேச்சின் எழுத்து வடிவம்.)

தோழர்களே, தாய்மார்களே!

கூலி உயர்வு, போனஸ், முன்பணக் கொடுமை பற்றியெல்லாம் இந்த மேடையில் பலமுறை பேசியிருக்கிறோம். இன்று பேச வந்திருப்பது கைக்குழந்தையைப் பற்றி. "இது வீட்டு விஷயமாயிற்றே, சங்கத்துக்கு இதில் என்ன வேலை?" என்று சில தோழர்கள் நினைக்கக்கூடும். ஆனால் பிரசவத்துக்குப் போன தங்கை திரும்ப வேலைக்கு வருகிறாளா இல்லையா என்பதைத் தீர்மானிப்பது எது? மேஸ்திரியா? முதலாளியா? இல்லை. "பிள்ளையை யார் பார்ப்பது?" என்ற ஒரு கேள்விதான் அதைத் தீர்மானிக்கிறது. பதில் கிடைக்காத வீட்டில் பெண் வேலையை விடுகிறாள். ஒரு கூலியில் குடும்பம் ஓடுகிறது. ஓடாதபோது முன்பணம் வாங்குகிறது. முன்பணம் வாங்கிய பிறகு என்ன நடக்கிறது என்பதை உங்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே இது வீட்டு விஷயம் மட்டுமல்ல, கூலி விஷயமுந்தான்.

இன்று நாம் என்ன செய்கிறோம்?

நம் சேலம், நாமக்கல் சமவெளியில் பிள்ளை பார்க்க நான்கு வழிகள் வழக்கத்தில் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் தராசில் வைத்துப் பார்ப்போம்.

முதல் வழி, வீட்டுப் பெரியவர்கள். அம்மாயியோ அப்பாயியோ உடனிருந்தால் அதைவிட நல்லது வேறில்லை. பேரப்பிள்ளையின் அழுகையில் பசி எது, வயிற்று வலி எது என்று அவர்களுக்குத் தெரியும். ஆனால் அந்த அம்மாயிக்கு வயது 50 தான். அவளே களை எடுக்கப் போகிறாள், சேகோ ஆலையில் குச்சிக்கிழங்குத் தோல் சீவப் போகிறாள். பேரனுக்காக அவள் வீட்டிலிருந்தால் அவள் கூலி போகிறது. பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் வந்து லைன் வீட்டில் குடியிருப்பவர்களுக்கோ அம்மாயி எங்கோ ஒரு கிராமத்தில் இருக்கிறாள்.

இரண்டாவது வழி, மூத்த பெண் பிள்ளை. தம்பியைப் பார்த்துக்கொள்ளப் பத்து வயதுப் பெண்ணைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்துகிறோம். "ஒரு வருஷந்தானே" என்று ஆரம்பிக்கிறது. அந்த ஒரு வருஷத்துக்குப் பிறகு அவள் பள்ளிக்கூடப் படி ஏறுவதில்லை. ஒரு குழந்தையைக் காப்பாற்ற இன்னொரு குழந்தையின் எதிர்காலத்தைப் பலி கொடுப்பது என்ன நியாயம்? இதை வழி என்றே கணக்கில் வைக்கக்கூடாது.

மூன்றாவது வழி, வேலை செய்யும் இடத்துக்கே தூக்கிப் போவது. காட்டு வேலையில் வேப்ப மரத்துக் கிளையில் சேலையைத் தூளி கட்டிப் போட்டுவிட்டு, பத்து வரப்பு தள்ளிக் குனிந்து நிற்கிறோம். தூளியில் எறும்பு ஏறும். மரத்தடியில் பாம்பு வரும். சித்திரை வெயிலில் நிழலும் நெருப்பாய்க் காயும். தறிப்பட்டறையில் தார் சுற்றும் தாய்மார் மூலையில் சாக்கை விரித்துப் பிள்ளையைப் படுக்க வைக்கிறார்கள். பெரியவர்கள் காதையே மந்தமாக்கும் தறிச் சத்தம் அந்தப் பிஞ்சுக் காதை என்ன செய்யும்? பஞ்சுத் தூசி அந்தச் சின்ன நெஞ்சில் என்னவாகும்? கொதிக்கும் தொட்டி, ஓடும் பெல்ட், இயந்திரத்தின் பல்சக்கரம் எல்லாம் தவழும் பிள்ளைக்குக் கை எட்டும் தூரத்தில் இருக்கின்றன.

நான்காவது வழி, முறை மாற்றிக் கொள்வது. கணவன் பகல் ஷிப்டு, மனைவி இரவு ஷிப்டு. கேட்க நன்றாயிருக்கிறது. பன்னிரண்டு மணி நேரம் தறி ஓட்டிவிட்டு வந்தவன் தூங்குவானா, பிள்ளை பார்ப்பானா? அதே போல் இரவெல்லாம் கண் விழித்து வந்த தாய் பகலில் சமைத்து, துவைத்து, பால் கொடுத்து எப்போது கண் மூடுவாள்? தூக்கமில்லாத கை இயந்திரத்தில் மாட்டும். புருஷனும் பெண்சாதியும் வாசற்படியில் பிள்ளையைக் கைமாற்றும்போது மட்டும் முகம் பார்த்துக்கொள்ளும் வாழ்க்கையை வாழ்க்கை என்று சொல்ல முடியுமா?

இந்த நான்கு வழியிலும் கிடைக்காத ஒன்றைத் தேடித்தான் குழந்தைக் காப்பகம் என்ற யோசனை பிறந்தது.

காப்பகம் நல்லதா?

"கைக்குழந்தையை ஊரார் கையில் கொடுக்கலாமா? தாயில்லாப் பிள்ளை மாதிரி வளராதா?" என்று தாய்மார் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். காப்பகம் என்றாலே நல்லது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல நாம் வரவில்லை.

முதலில் கஷ்டங்களைச் சொல்லிவிடுவோம். பத்துப் பிள்ளைகள் ஒன்றாயிருக்கும் இடத்தில் சளியும் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் சீக்கிரம் பரவும். காப்பகம் போன முதல் சில மாதங்களில் பிள்ளை அடிக்கடி நோயில் விழுவது எங்கும் காணும் விஷயம். ஒன்பது, பத்து மாதப் பிள்ளை தாயைப் பிரியும்போது அழுது தீர்க்கும். அது முகம் பார்த்துப் பழகும் பருவம். ஆயா அடிக்கடி மாறினால் பிள்ளை தவித்துப் போகும். பார்க்கும் கை குறைவாயிருந்தால் ஈரத் துணியோடு கிடக்கும், அழுதழுது ஓய்ந்து தூங்கும்.

நன்மையையும் சொல்வோம். நல்ல காப்பகத்தில் வேளைக்குக் கஞ்சி, வேளைக்குத் தூக்கம், சுத்தமான தண்ணீர், விளையாட நாலு தோழர்கள், கதையும் பாட்டும் பேசும் ஓர் ஆள் கிடைக்கிறார்கள். லைன் வீட்டு ஒற்றை அறையில் அடைந்து கிடக்கும் பிள்ளைக்கு இதெல்லாம் சின்ன விஷயமல்ல. அமெரிக்காவில் வட கரோலினா மாநிலத்தில் 1972ல் ஒரு பரிசோதனை தொடங்கினார்கள். ஏழை வீட்டுக் கைக்குழந்தைகளைத் தேர்ச்சி பெற்றவர்கள் நடத்தும் காப்பகத்தில் வளர்த்து, அவர்கள் பெரியவர்களாகும் வரை கவனித்து வந்தார்கள். அந்தப் பிள்ளைகள் படிப்பில் மற்றவர்களை விட முன்னேறியிருந்தார்கள்.

ஆனால் இன்னொரு நாட்டின் அனுபவத்தையும் கேளுங்கள். கனடாவில் கியூபெக் மாகாணம் 1997ல் நாளுக்கு 5 டாலருக்குக் குழந்தைக் காப்பகம் என்று திட்டம் போட்டது. தாய்மார் பெருந்தொகையாக வேலைக்குத் திரும்பினார்கள். அது பெரிய வெற்றி. ஆனால் அவசரமாக இடங்களைப் பெருக்கியபோது தரம் எல்லா இடத்திலும் ஒன்றுபோல் இல்லை. சில பிள்ளைகளிடம் பதற்றமும் முரட்டுத்தனமும் கூடியதாகப் பின்னால் ஆராய்ந்தவர்கள் எழுதினார்கள்.

இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வடகரோலினாவிலும் காப்பகந்தான், கியூபெக்கிலும் காப்பகந்தான். வித்தியாசம் எங்கே? பார்க்கும் கைகளின் எண்ணிக்கையிலும் தேர்ச்சியிலும். ஆகவே "காப்பகமா, வீடா?" என்று கேட்பதைவிட "எப்படிப்பட்ட காப்பகம்?" என்று கேட்பதே சரி.

எத்தனை மாதத்தில் விடலாம்?

பிள்ளைக்கு முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் போதும், வேறொன்றும் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. 2017ல் பிரசவ விடுமுறையைச் சட்டம் 12 வாரத்திலிருந்து 26 வாரமாக்கியது. கணக்குச் சரியாக ஆறு மாதம். ஆனால் அதில் 8 வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுக்கலாம். முன்பே எடுத்தால் பிறந்த பிறகு மிஞ்சுவது 18 வாரம், அதாவது நாலு மாதத்துக்குச் சற்று மேல். ஏற்கெனவே இரண்டு பிள்ளைகளோ அதற்கு மேலோ இருந்தால் மொத்தமே 12 வாரந்தான். ஆகவே உடம்பு இடம் கொடுக்கும் தாய்மார் விடுமுறையின் பெரும்பகுதியைப் பிரசவத்துக்குப் பிறகு வைத்துக்கொள்வது பிள்ளைக்கு நல்லது.

பிரசவத்துக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருந்தால் இந்த உரிமை உண்டு. ஈ.எஸ்.ஐ. அட்டை உள்ளவர்களுக்கு 70 நாள் சந்தா கணக்கில் இருக்க வேண்டும். வயிற்றில் பிள்ளை தரித்ததும் "நின்றுகொள், அப்புறம் வா" என்று மேஸ்திரி சொன்னால் அது கருணையல்ல. அந்த நாள் கணக்கை உடைக்கிற தந்திரம்.

விவசாயத் தொழிலாளித் தாய்க்கு இந்த விடுமுறை ஏது? 1987ல் தொடங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டம்தான் அவளுக்கு ஆதாரம். அது இன்று பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாகச் சேர்ந்து 18,000 ரூபாய் என்ற அளவுக்கு உயர்ந்திருக்கிறது. இதை 26 வாரத்துக்கு, வாரம் 6 நாளாகப் பங்கு போடுங்கள். நாளுக்கு 115 ரூபாய். எந்தக் காட்டில் அந்தக் கூலிக்கு ஆள் கிடைக்கும்? அதனால்தான் பிள்ளை பெற்ற நாற்பதாம் நாள் அவள் கடலை பறிக்கக் குனிகிறாள்.

எதைப் பார்த்துச் சேர்ப்பது?

காப்பகத்தில் சேர்க்கும் முன் வண்ணப் பலகையையும் சுவரில் தீட்டிய பொம்மைப் படத்தையும் பார்த்து மயங்காதீர்கள். சொல்லாமல் கொள்ளாமல் ஒரு நாள் மத்தியானத்தில் போய்ப் பாருங்கள்.

எத்தனை பிள்ளைக்கு எத்தனை ஆள் என்று எண்ணுங்கள். மத்திய சர்க்கார் 2018ல் வெளியிட்ட வழிகாட்டு நெறி, மூன்று வயதுக்குட்பட்ட பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு பணியாளராவது இருக்க வேண்டும், உதவியாளும் வேண்டும் என்கிறது. கைக்குழந்தைகள் அதிகமிருந்தால் அதுவும் போதாது என்பதே நம் எண்ணம். ஒரு கையில் எத்தனை பிள்ளையைத் தூக்க முடியும்?

அந்த ஆயா எத்தனை வருஷமாக அங்கே வேலை செய்கிறாள் என்று கேளுங்கள். மாதத்துக்கு ஓர் ஆயா மாறினால் அங்கே சம்பளம் சரியில்லை என்று அர்த்தம். சம்பளம் சரியில்லாத இடத்தில் பிள்ளை பராமரிப்பும் சரியிராது.

சமைக்கும் இடம், கழுவும் இடம், துணி மாற்றும் இடம் மூன்றும் தனித்தனியாக இருக்கிறதா என்று பாருங்கள். பிள்ளைகளைத் தூங்க வைக்க ஏதாவது மருந்து கொடுக்கிறார்களா என்று விசாரியுங்கள். பிள்ளையைப் பார்க்கத் தாய் எந்நேரமும் உள்ளே வரலாமா என்று கேளுங்கள். "வரக்கூடாது" என்று சொல்லும் இடத்தில் விடாதீர்கள்.

முதல் நாளே முழு நாளும் விடாமல், முதல் வாரம் ஒரு மணி, இரண்டு மணி என்று உடனிருந்து பழக்கிவிட்டு, பிறகு நேரத்தைக் கூட்டுங்கள். தடுப்பூசிகளை நாள் தவறாமல் போட்டுவிடுங்கள். காய்ச்சல் கண்ட பிள்ளையை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த நாளில் லீவு போடுவது தாய் மட்டுந்தானா? தகப்பனும் போடலாம், முறை வைத்துக்கொள்ளலாம்.

கணக்கைச் சரியாகப் போடுவோம்

"காப்பகத்துக்குக் கொடுத்தால் அவள் கூலியில் என்ன மிஞ்சும்? வீட்டிலேயே இருந்துவிட்டுப் போகட்டும்" என்ற பேச்சு பல வீடுகளில் கேட்கிறது. ஒரு பேச்சுக்குக் கணக்குப் போடுவோம்.

மனைவிக்கு நாள் கூலி 400 ரூபாய், மாதம் 26 நாள் என்றால் 10,400. கணவனுக்கு 600 ரூபாய் என்றால் 15,600. இருவருக்கும் சேர்ந்து 26,000. தனியார் காப்பகத்துக்கு 3,000, போக வர ஆட்டோவுக்கு 1,000, ஆக 4,000 ரூபாய் செலவு என்று வைத்துக்கொள்வோம்.

இந்த 4,000 ரூபாயை நாம் யார் கூலியில் கழிக்கிறோம்? மனைவியின் கூலியில். கழித்துவிட்டு "6,400 தானே மிஞ்சுகிறது" என்கிறோம். பிள்ளை அவளுக்கு மட்டுந்தானா? தகப்பன் பேர் பிறப்புச் சான்றிதழில் இருக்கிறது, காப்பகச் செலவில் மட்டும் இல்லையா? இருவர் கூலியிலும் சேர்த்துக் கழித்தால் ரூபாய்க்கு 15 காசு சொச்சம் பிள்ளைக்குப் போகிறது. வீட்டு வாடகைபோல் அது குடும்பச் செலவு.

சரி, அந்த 6,400 தான் மிஞ்சுகிறது என்றே வைத்துக்கொள்வோம். மூன்று வருஷத்துக்கு, அதாவது 36 மாதத்துக்கு, 2,30,400 ரூபாய். பல குடும்பங்களின் முன்பணக் கடனைத் தீர்க்கும் தொகை அது. அது போகட்டும், மில் வேலையை விடுகிறவள் பி.எப். தொடர்ச்சியை இழக்கிறாள். ஈ.எஸ்.ஐ. போகிறது. சர்வீஸ் போகிறது. மூன்று வருஷம் கழித்து வந்தால் புது ஆளாக, பயிற்சிக் கூலிக்குச் சேர்கிறாள். இந்த நஷ்டத்தை யாரும் கணக்கில் எழுதுவதில்லை.

இதற்காகத் தாய் வீட்டிலிருக்கவே கூடாது என்று நாம் சொல்லவில்லை. உடம்பு முடியாத தாய் இருக்கலாம், நோயாளிப் பிள்ளை இருக்கலாம், விரும்பியே ஒரு வருஷம் பிள்ளையோடு இருக்க நினைக்கலாம். அது அவள் உரிமை. வேறு வழியில்லாமல் இருப்பது வேறு, விரும்பி இருப்பது வேறு. நல்ல காப்பகம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால்தான் விருப்பம் என்ற பேச்சுக்கே இடமுண்டு.

உரிமை எப்படி வந்தது? எப்படிப் போகிறது?

இந்த உரிமைக்கு இருநூறு வருஷக் கதை உண்டு. 1816ல் ஸ்காட்லாந்தில் நியூ லானார்க் பஞ்சாலையில் ராபர்ட் ஓவன் தொழிலாளர் குழந்தைகளுக்குப் பாலர் பள்ளி திறந்தார். நம் நாட்டிலோ 1920களில் பம்பாய் மில் பெண்கள் பிள்ளைக்குத் துளி அபின் கொடுத்துத் தூங்க வைத்துவிட்டு வேலைக்குப் போனார்கள். மருத்துவர்கள் அதை எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தத் தாய்மார் கல்நெஞ்சக்காரர்களா? இல்லை. அவர்களுக்கு வேறு வழியில்லை.

1928ல் பம்பாய் சட்டசபையில் பிரசவ உதவி மசோதாவை அம்பேத்கர் ஆதரித்துப் பேசினார். 1929ல் அது அங்கே சட்டமாயிற்று. சென்னை மாகாணத்திலும் 1934ல் சட்டம் வந்தது. ருஷ்யாவில் புரட்சி நடந்தவுடன் காப்பகங்களையும் பொதுச் சமையற்கூடங்களையும் சர்க்காரின் வேலையாக்கினார்கள். 1919ல் லெனின் அவற்றைப் புது சமுதாயத்தின் முளைகள் என்ற கருத்தில் எழுதினார்.

விடுதலைக்குப் பின் 1948ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்தின் 48வது பிரிவு, 50 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பகம் கட்டாயம் என்றது. வெளிச்சம், காற்று, சுத்தம், பயிற்சி பெற்ற பெண் பொறுப்பாளர் வேண்டும் என்றது. இலவசப் பாலோ சிற்றுண்டியோ கொடுக்கவும், தாய் இடையில் வந்து பாலூட்டவும் விதி செய்ய இடம் வைத்தது. 1976ல் 50 என்பது 30 ஆயிற்று.

முதலாளி என்ன செய்தான்? 30 பெண்களுக்கு மேல் போனால்தானே காப்பகம், முப்பதோடு நிறுத்து என்றான். காப்பகம் என்று பலகை மாட்டிய அறையில் பஞ்சு மூட்டை அடுக்கினான். பிள்ளை பெற்ற பெண்ணே வேண்டாம் என்றான். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் கோவை, ஈரோடு, சேலம், நாமக்கல், திண்டுக்கல் பகுதி நூல் மில்களில் 'சுமங்கலித் திட்டம்' என்று ஒன்று பரவியதே, அதை மறந்துவிட்டோமா? கலியாணமாகாத பெண் பிள்ளைகளைக் கேம்பில் அடைத்து, மூன்று வருஷ முடிவில் கலியாணச் செலவுக்குத் தொகை தருகிறோம் என்றார்கள். ஏன் கலியாணமாகாத பெண்? அவளுக்குப் பிரசவ விடுமுறை வேண்டாம், காப்பகம் வேண்டாம். தாலி ஏறும் நாளில் மில்லை விட்டு வெளியே. தாலியின் பேரைச் சொல்லித் தாய்மைக்குக் கதவடைத்தார்கள்!

பெண் தலையை மட்டும் எண்ணும் சட்டத்தில் உள்ள ஓட்டை இது. நம் சேலத்து வெள்ளைக்கல் சுரங்கத்துக்கு வேறு விதி இருந்தது. 1966ஆம் வருஷத்துச் சுரங்கக் காப்பக விதிப்படி பெண்கள் வேலை செய்யும் சுரங்கத்தில் காப்பகம் கட்ட வேண்டும். 50, 30 என்ற எண்ணிக்கை வரம்பு அங்கே கிடையாது. சுரங்கத்துக்கு முடிந்தது மில்லுக்கு ஏன் முடியாது என்று அன்றே கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

2017ஆம் வருஷத் திருத்தத்தில் ஒரு நல்ல மாறுதல் வந்தது. ஆணோ பெண்ணோ, 50 பேர் வேலை செய்யும் நிறுவனத்தில் காப்பகம் வேண்டும், தாய் நாளுக்கு நான்கு முறை போய்ப் பார்க்கலாம் என்றது. இப்போது ஆளைக் குறைக்கப் பெண்ணைக் குறைத்துப் பயனில்லை. 2025 நவம்பர் 21 முதல் பழைய சட்டங்களுக்குப் பதில் புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் அமுலுக்கு வந்துள்ளன. 50 பேர் என்ற கணக்கும் நான்கு முறை என்ற உரிமையும் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பில் இருக்கின்றன. ஆனால் அதே வேளையில், மின்சாரத்தில் ஓடும் பட்டறை 'தொழிற்சாலை' ஆவதற்கு வேண்டிய ஆள் கணக்கைப் பத்திலிருந்து இருபதாக்கிவிட்டார்கள். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்பது இதுதான்!

நம் ஊருக்கு எது பொருந்தும்?

பள்ளிபாளையத்தையும் குமாரபாளையத்தையும் திருச்செங்கோட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். தெருவுக்குத் தெரு தறிச் சத்தம். ஆனால் ஒரு பட்டறைக்குப் பத்துப் பேர், பதினைந்து பேர். பெரிய பட்டறையாயிருந்தால் மகன் பேரில் கொஞ்சம், மருமகன் பேரில் கொஞ்சம் என்று காகிதத்தில் பிரித்துவிடுகிறார்கள். நாமக்கல் கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்குகிறவர்களும், ராசிபுரம், ஆத்தூர்ப் பக்கத்துச் சேகோ ஆலைகளில் பருவத்துக்குப் பருவம் வருகிறவர்களும், செங்கல் சூளையில் கல் அறுக்கிறவர்களும் எந்த ஐம்பதிலும் சேருவதில்லை.

இதற்கு வழி சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. பல நிறுவனங்கள் சேர்ந்து பணம் போட்டுப் பொதுக் காப்பகம் வைத்துக்கொள்ளலாம், நகராட்சி நடத்தும் காப்பகத்தையும் பயன்படுத்தலாம் என்று புதிய சட்டம் சொல்கிறது. பெரிய முதலாளி தப்பித்துக்கொள்ள வைத்த சந்தாக இது இருக்கலாம். அந்தச் சந்திலேயே நாம் நுழைவோம். தறிக்கு இவ்வளவு என்று உரிமையாளரிடம் வசூலித்து, வார்டுக்கு ஒரு காப்பகம் நகராட்சி நடத்தட்டும். வரவு செலவைப் பார்க்கும் கமிட்டியில் தாய்மார் இருக்கட்டும்.

"அங்கன்வாடி இருக்கிறதே" என்பார்கள். இருக்கிறது. 1975ல் நாட்டில் தொடங்கிய திட்டம் தமிழ்நாட்டில் நன்றாகவே வேரூன்றியிருக்கிறது. 1982ல் சத்துணவும் சேர்ந்தது. ஆனால் அங்கே நாளெல்லாம் இருப்பது இரண்டு வயது தாண்டிய பிள்ளை. கைக்குழந்தைக்குச் சத்துமாவுப் பொட்டலம் கிடைக்கும், மடி கிடைக்காது. மாலை நாலு மணிக்குள் கதவு மூடும். தறி எட்டு மணிக்கல்லவா நிற்கிறது? மத்திய சர்க்காரின் தேசியக் காப்பகத் திட்டம் 25 பிள்ளைகளுக்கு ஒரு பணியாளர், ஓர் உதவியாளர், நாளுக்கு ஏழரை மணி நேரம் என்று வகுத்தது. ஏழரை மணி நேர வேலை நம்மில் யாருக்கு இருக்கிறது? 2022ல் 'பால்னா' என்ற புதுப் பேரில் அங்கன்வாடியோடு காப்பகத்தைச் சேர்க்கும் திட்டம் வந்தது. அதை ஷிப்டு நேரத்துக்குத் தக்கபடி நம் ஊருக்குக் கொண்டுவா என்பதே நம் கோரிக்கை.

கிராமத்துக்கு என்ன? 2005ல் வந்த நூறு நாள் வேலைச் சட்டம், வேலைத் தலத்தில் ஆறு வயதுக்குட்பட்ட ஐந்து பிள்ளைகள் இருந்தால் ஒரு பெண்ணைப் பிள்ளை பார்க்க நியமித்து அவளுக்கும் அதே கூலி கொடுக்க வேண்டும் என்றது. பிள்ளை பார்ப்பதும் வேலைதான், கூலி பெறும் வேலைதான் என்று சர்க்காரே ஒப்புக்கொண்ட இடம் அது. 2025 டிசம்பரில் பார்லிமெண்ட் அந்தச் சட்டத்துக்குப் பதில் வேறு சட்டம் கொண்டுவந்தது. பேர் எதுவானாலும் இந்த ஏற்பாட்டை நாம் விடக்கூடாது. பக்கத்துக் கர்நாடகத்தில் 2023ல் 'கூசின மனெ', அதாவது குழந்தை வீடு, என்று 4,000 கிராமப் பஞ்சாயத்துகளில் கைக்குழந்தைக் காப்பகம் அறிவித்தார்கள். காவிரி அங்கிருந்து இங்கே வரும்போது இந்த யோசனை மட்டும் ஏன் வரக்கூடாது?

இது நம் ஜனங்களுக்குப் புதிதுமல்ல. சேலம், திருச்சி ஜில்லாக்களிலிருந்து இலங்கை மலைத் தோட்டங்களுக்குப் போனவர்கள் கொஞ்சமா நஞ்சமா? கொழுந்து பறிக்கப் போகும் தாய் பிள்ளையை விட்டுப்போகும் இடத்துக்கு அங்கே 'பிள்ளை மடுவம்' என்று பேர். 1964 ஒப்பந்தத்துக்குப் பின் திரும்பி வந்த குடும்பங்களைக் கேட்டால் சொல்வார்கள். நம் தலைக்கு மேலே ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களுக்கும் 1951ஆம் வருஷத்துத் தோட்டத் தொழிலாளர் சட்டம் காப்பகம் வைக்கச் சொன்னது. அந்த மடுவங்களில் குறையில்லை என்று நாம் சொல்லவில்லை. இருட்டும் ஈயும் நிறைந்த மடுவங்களும் உண்டு. ஆனால் பிள்ளையைப் பார்ப்பது தோட்டத்தின் பொறுப்பு என்ற எண்ணம் அங்கே வேர் பிடித்தது. மலைமேல் ஏறிய உரிமை சமவெளிக்கு இறங்கவில்லை. இறக்குவது நம் வேலை.

செய்ய வேண்டியது

ஒன்று: அடுத்த ஒரு மாதத்தில் ஒவ்வொரு தெருவிலும், ஒவ்வொரு காலனியிலும் மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகள் எத்தனை, தாய் தகப்பன் எந்த ஷிப்டு, பிள்ளையை இன்று யார் பார்க்கிறார்கள் என்று நாமே கணக்கெடுப்போம். கையில் கணக்கில்லாத கோரிக்கையை அதிகாரி காதில் வாங்கமாட்டார்.

இரண்டு: 50 பேருக்கு மேல் உள்ள மில்களில் காப்பகம் இருக்கிறதா, திறந்திருக்கிறதா, பிள்ளை இருக்கிறதா என்று சங்கம் நேரில் பார்த்துத் தொழிற்சாலை ஆய்வாளருக்கு எழுதட்டும். ஒப்பந்தத் தொழிலாளியின் பிள்ளைக்கும் அங்கே இடம் வேண்டும்.

மூன்று: அடுத்த கூலி ஒப்பந்தக் கோரிக்கைப் பட்டியலில் காப்பகம் ஓர் ஐட்டமாக வர வேண்டும். கடைசி வரியில் அல்ல, முதல் பக்கத்தில். பேச்சு வார்த்தையில் முதலில் விட்டுக்கொடுக்கும் ஐட்டமாக அது ஆகிவிடவும் கூடாது.

நான்கு: காப்பகத்தில் வேலை செய்யும் ஆயாவுக்கு மதிப்பூதியம் என்று கைச்செலவுக் காசு கொடுக்கும் பேச்சு வேண்டாம். பயிற்சி, சம்பளம், பி.எப். மூன்றும் வேண்டும். நம் பிள்ளையை நம்பி விடுகிற பெண்ணின் வயிறு காய்ந்தால் நம் பிள்ளை எப்படிச் செழிக்கும்?

ஐந்து: இது மாதர் கூட்டத்தில் மட்டும் பேசும் விஷயமாக இருக்கக்கூடாது. தகப்பன்மார் கையெழுத்தும் கோரிக்கை மனுவில் வேண்டும். தாய்க்கும் தகப்பனுக்கும் பொதுவான குழந்தை விடுமுறையை ஸ்வீடன் 1974லேயே சட்டமாக்கியது. நம் சட்டத்தில் தகப்பன் இன்னும் கண்ணில் படவில்லை. சட்டம் வரும் வரை காத்திராமல், வீட்டில் தூளியை ஆட்ட இன்றிரவே தொடங்கலாம். அதற்கு எந்த ஆய்வாளரின் உத்தரவும் தேவையில்லை.

தோழர்களே! நாம் நெய்யும் துணி எங்கெங்கோ போய்க் குழந்தைகளைப் போர்த்துகிறது. நாம் பொறுக்கும் முட்டை சத்துணவுத் தட்டுக்குப் போகிறது. நம் பிள்ளை மட்டும் சாக்கின் மேல் கிடக்க வேண்டுமா? கூடாது. எட்டு மணி நேர வேலையை யாரும் நமக்குத் தானமாகத் தரவில்லை, கேட்டு வாங்கினோம். காப்பகத்தையும் அப்படியே கேட்டு வாங்குவோம்.

கணக்கெடுப்பு நோட்டுகள் மேடையருகே இருக்கின்றன. தெருவுக்கு இரண்டு பேர், ஓர் ஆண், ஒரு பெண், பேர் கொடுத்துவிட்டு வாங்கிச் செல்லுங்கள்.